மணலில் பயின்ற கல்வி

திண்ணைப் பள்ளிக்கூடம் என்றதும் பிரம்பையும், கயிற்றில் தொங்கவிடும் கோதண்டத் தண்டனையையும் நினைத்து நகைப்பதோ அஞ்சுவதோ இக்காலத்தார்க்கு வழக்கமாகிவிட்டது. அக்கொடுமைகள் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், பிள்ளைகளுக்குப் படிக்கும் பழக்கத்தை எவ்வாறு உண்டாக்குவது என்று சபை கூட்டி விவாதிக்கின்ற நாம், அப்பழக்கத்தையே பிரதான பாடமாகக் கொண்டிருந்த அந்தப் பள்ளிகளின் அப்பியாச முறையைச் சற்று நிதானமாக நோக்குவதில் நஷ்டமொன்றும் இல்லை.

விஜயதசமியன்று அக்ஷராப்பியாசம் செய்யப்பெற்ற பிள்ளை, பரப்பிய மணலின்மீது விரலால் எழுத்தை வரையும்போதே அதன் ஒலியை உரக்கச் சொல்லவேண்டும் என்பது விதி. கண்ணும் கையும் வாயும் செவியும் ஒருங்கே தொழிற்பட்டதனால், எழுத்து மனத்தில் படிவதற்கு நான்கு வழிகள் திறந்திருந்தன. பிழை நேர்ந்தால் மணலை ஒருமுறை தடவிவிட்டாற் போதும். கை தேறிய பிறகே ஓலையும் எழுத்தாணியும் வரும். மஞ்சளும், ஊமத்தை இலைச் சாறும், மாவிலைக் கரியும் பூசித் துலங்கச்செய்த சுவடியைக் கையிலேந்தி, வெள்ளாப்பிலேயே பள்ளிக்கு வந்து, முந்தின நாள் பாடத்தை ஏடு பாராமல் ஒப்பிப்பதே அன்றைய முதல் வேலை. மாலையில் வீடு திரும்புமுன் ஒரு பூவின் பெயரோ பறவையின் பெயரோ ஊரின் பெயரோ சொல்லியனுப்பி, மறுநாள் காலையில் அதைக் கேட்பதும் உண்டு. இரவெல்லாம் மனத்தில் ஒரு சொல்லைக் காத்துவைக்கும் இந்தச் சிறு பயிற்சியை ஏற்படுத்தியவர் யாரோ, அவர் குழந்தைகளின் இயல்பை நன்கறிந்தவர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இவற்றிலெல்லாம் வியப்புக்குரியது எண்சுவடிப் பயிற்சி. ஒன்றை 320 கூறாக்கிய முந்திரியில் தொடங்கி, நான்கு முந்திரி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா, இருபது மா ஒன்று என்று கீழ்வாயிலக்கம் ஏறிச்செல்லும். நெல்லிலக்கத்திலோ ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு என்பது முதலாக உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி எனப் படிப்படியாகக் கலம் வரை போகும். மாணாக்கர் தலைவனான சட்டாம்பிள்ளை ஓரடியை முன்னே சொல்ல மற்றவர்கள் சேர்ந்து சொல்லும் இந்த 'முறை வைத்தல்' வழிப்போக்கர் செவிக்கு வெறுங் கூச்சலாகப்பட்டிருக்கலாம். ஆனால் களத்துமேட்டில் நெல் அளக்கும்போதும், நிலத்தின் குழிக்கணக்குப் பார்க்கும்போதும், ஓலையைத் தேடாமல் நின்ற நிலையிலேயே விடை சொல்லும் ஆற்றல் அந்தக் கூச்சலிலிருந்துதான் பிறந்தது.

தென்னாடெங்கும் இத்தகைய பயிற்சி பரவியிருந்ததற்கு ஓர் அயல்நாட்டார் சாட்சி இருக்கிறார். 1623-ஆம் ஆண்டில் கன்னட தேசத்து இக்கேரிப் பகுதியில் யாத்திரை செய்த இத்தாலியர் பியத்ரோ தெல்லா வல்லே, ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர் ஆசிரியரின்றித் தாமே பாடியபடி தரையில் தூவிய மணலில் கணக்கெழுதக் கண்டு, மறந்தால் உங்களைத் திருத்துவார் யார் என்று வினவினாராம். நால்வரும் ஒரே இடத்தில் ஒருசேர மறப்பது நடவாத காரியம் என்பது அவர்கள் கூறிய விடையின் சாரம். கல்வி சாஸ்திரம் கற்றவர்களும் அதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

ஏறக்குறைய 170 ஆண்டுகள் கழித்து, சென்னை எழும்பூரிலிருந்த ஐரோப்பியப் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்கு 1789-இல் மேற்பார்வையாளரான ஸ்காத்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், சுதேசப் பள்ளி ஒன்றில் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் விடுதியிலும் புகுத்த முயன்றார். தம் கீழிருந்த உபாத்தியாயர்கள் இப்புதுமைக்கு இணங்காமையால், ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனையே தன்னிலும் இளையோர்க்கு எழுத்துக் கற்பிக்க நியமித்தார். 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலால், சிறுவரைக் கொண்டே சிறுவர்க்குக் கற்பிக்கும் இவ்வழக்கம் 'மதறாஸ் முறை' என்னும் பெயருடன் பரவியது. ஸ்காத்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் அளித்த பொருளால் எழுந்த பள்ளிக்கு 'மதறாஸ் கல்லூரி' என்றே பெயர். ஆயினும், அவரும் அவரைப் பின்பற்றியோரும் சட்டாம்பிள்ளையைப் பெரும்பாலும் செலவைக் குறைக்கும் உபாயமாகவே கொண்டார்கள். நூற்றுக்கணக்கானவர்களை ஒரே கூடத்தில் அடைத்த ஆங்கிலப் பள்ளிகளில், ஒவ்வொரு பிள்ளையையும் உபாத்தியாயர் நேரில் ஒப்பிக்கச் செய்த திண்ணையின் நெருக்கம் எப்படி இருந்திருக்கமுடியும்?

இனி நம் நாட்டுப் பள்ளிகளுக்குத் திரும்புவோம். அவற்றைப் பற்றிக் கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் உத்தரவிட்ட விசாரணையின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். அவர்களில் பெண்கள் 4,540 பேரே என்பதையும், தாழ்த்தப்பட்டோர்க்குப் பெரும்பாலான திண்ணைகள் எட்டாதவையாக இருந்தன என்பதையும் பழம்பெருமை பேசுவோர் மறந்துவிடக் கூடாது. பெல்லாரிக் கலெக்டர் காம்ப்பெல் 1823-இல் எழுதிய அறிக்கையில், விடியலில் முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும் என்றும், மூன்றாவதாக வந்தவனுக்கு ஓரடி, நான்காமவனுக்கு இரண்டடி என்று தண்டனை ஏறிக்கொண்டே போகும் என்றும் சுவையாக வருணிக்கிறார். மூத்தோர் இளையோர்க்குக் கற்பிக்கும் ஏற்பாட்டைப் பாராட்டிய அவரே, பொருள் விளங்காத செய்யுட்களை ஒப்பிக்கச் செய்வதைக் கண்டித்தார். இக்கண்டனம் நியாயமானதே. எண்ணுக்கு நன்மை பயந்த மனனம், பொருள் விளக்கப்படாத இடத்தில் சதகங்களையும் அந்தாதிகளையும் ஓசையளவில் நிறுத்திவிட்டது.

1854-ஆம் ஆண்டின் கல்விச் சாசனத்துக்குப் பின் அரசாங்க உதவித்தொகை வந்தது. அதை விரும்பிய திண்ணை உபாத்தியாயர் அச்சிட்ட பாடப்புத்தகத்தையும், வருகைப் பதிவேட்டையும், வகுப்புப் பிரிவினையையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் ஆண்டுக்கொருமுறை வந்து பரீட்சித்தார். மணல் போய்ப் பலகை வந்தது. கீழ்வாயிலக்கத்தின் இடத்தில் ஆங்கிலப் பின்னம் அமர்ந்தது. பொருளுணர்ந்து படிப்பதற்குப் புத்தகம் துணைசெய்தது என்பது மெய்யே. ஆனால், காம்ப்பெல் சுட்டிய குறை அதனால் நீங்கவில்லை. பரீட்சைக்காகப் புத்தகத்தின் வாக்கியங்களையே நெட்டுருப் பண்ணும் பழக்கம் புதிய பள்ளியில்தான் வேரூன்றிற்று.