1975-ல் நமக்கு, 2009-ல் அவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் அக்கா மகன் ஒரு படம் போட்டிருந்தான். இட ஒதுக்கீட்டைக் கிண்டல் செய்து யாரோ தயாரித்த படம். கீழே "அருந்ததியருக்குத் தனியா 3 பர்சென்ட் வேற. எத்தனை வருசத்துக்குத்தான் மாமா இது? நீங்க ஹிஸ்டரி வாத்தியார், சொல்லுங்க" என்று என்னையே கேட்டிருந்தான். நாலு பேர் கைதட்டுகிற பொம்மை போட்டிருந்தார்கள். கட்டைவிரலில் இரண்டு வரி தட்டி முடிக்கிற பதில் இது இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். மாப்பிள்ளை, கோபித்துக்கொள்ளாமல் கடைசி வரை படி.

நம் தோட்டத்துக் கிணற்றில் கவலை இறைத்ததை நான் பார்த்திருக்கிறேன். உன் அம்மாவும் பார்த்திருக்கிறாள், கேட்டுப்பார். இரண்டு எருது, வடக்கயிறு, வால்கயிறு, பறி. பறிக்குக் கீழே தொங்கும் தும்பி தோலில் செய்தது. அந்தத் தோலைப் பதப்படுத்தி, தைத்து, கிழிந்தால் ஒட்டுப்போட்டுக் கொடுத்தவர் வளவிலிருந்து வந்த மாதாரி. நம் அப்பாருக்குச் செருப்புத் தைத்தவரும் அவரே. விடிவதற்கு முன்னால் கவலை ஓட்டியவர் அவர் மகன். இரண்டு பேரும் நம் பண்ணையத்தில் இருந்தார்கள். வருசக் கூலி, கம்பும் சோளமும் வள்ளக் கணக்கில். கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ வாங்கிய கடன் தீராது. தீராததால் அடுத்த வருசமும் நம் பண்ணையமே. எட்டு வயதுப் பையனான என்னை அவர் "சாமி" என்பார். அறுபது வயதுக்காரரை நான் "டா" போட்டுக் கூப்பிடுவேன். யாரும் என்னைத் திருத்தியதில்லை. அவருக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு தேங்காய்த் தொட்டி, மாட்டுச் சாலையின் கூரையில் செருகியிருக்கும்.

கொங்கு வறண்ட பூமி. கிணறு இல்லாமல் வெள்ளாமை இல்லை, தோல் இல்லாமல் கிணறு இல்லை. நம் காடு தோட்டமானதில் அந்தத் தும்பிக்கு எவ்வளவு பங்கு என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. பிறகு கரண்ட் வந்தது. 1932-ல் பைக்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியதும் முதலில் கோயமுத்தூர் மில்கள் ஓடின. ஊர்க் கிணறுகளுக்கு மோட்டார் வந்து சேர மேலும் முப்பது வருடம் போல ஆனது. மோட்டார் வந்ததும் கவலை போயிற்று, தோலுக்கு வேலை போயிற்று. நமக்கு அது முன்னேற்றம். அவருக்குக் கைத்தொழில் போய்ப் பண்ணையக் கூலி மட்டும் மிஞ்சியது. நிலம் ஏது? குழி அளவுகூடக் கிடையாது.

சட்டம் என்னவோ சீக்கிரமே வந்துவிட்டது. அரசியலமைப்பின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம். அதைத் திருத்தி 1976-ல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். நம் ஊர்களில் "பி.சி.ஆர்." என்று சொல்லிப் பயப்படுவது இதைத்தான். 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தனியாக வந்த பிறகும், அந்தக் கேஸையும் நம்மவர்கள் பி.சி.ஆர். என்றே சொல்கிறார்கள். அந்தப் பெயர் குடிமை உரிமை என்பதன் சுருக்கம் என்று பத்துப் பேரில் ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம். வைக்கத்துக்குப் போய்ச் சிறை சென்ற பெரியார் ஈரோட்டுக்காரர் என்று பெருமையாகச் சொல்கிறோம். கோபியில் ஜி.எஸ். லட்சுமண அய்யர் தலித் பிள்ளைகளுக்கு விடுதி நடத்தி, நகராட்சித் தலைவராக இருந்து, மனிதர் மலம் அள்ளுவதை ஒழிக்கப் பாடுபட்டார். அதற்காக அவர் சொந்தச் சாதியே அவர் குடும்பத்தை ஒதுக்கி வைத்தது. பெருமைப்பட ஆட்கள் இருந்தார்கள். பின்பற்றத்தான் ஆள் குறைவு.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் வகுப்பில் அமெரிக்காவின் தென் மாநிலங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பாடப் புத்தகத்தில் இல்லாததையும் சொல்வேன் என்பது உங்களுக்குத் தெரியும். 1960 பிப்ரவரி 1, வட கரோலினாவில் கிரீன்ஸ்போரோ என்ற ஊர். வுல்வொர்த் கடையின் சாப்பாட்டு மேசையில் நான்கு கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கொடுக்க மறுத்தார்கள். அவர்களும் எழுந்திருக்க மறுத்தார்கள். மறுநாள் கூட்டம் கூடியது, பக்கத்து ஊர்களுக்குப் பரவியது, ஜூலையில் அந்தக் கடை இறங்கி வந்தது. நான் உணர்ச்சியோடு சொல்லி முடித்தேன். மணி அடித்த பிறகு வளவுப் பையன் ஒருவன் மேசைக்கு அருகில் வந்து, மெதுவாக, "சார், நீங்க டீ குடிக்கிற கடையில எங்கப்பனுக்குத் தனி டம்ளருங்க. வெளிய ஆணியில தொங்கும். குடிச்சுட்டு அவரே கழுவி மாட்டோணுங்க" என்றான்.

ஏழெட்டு வருடமாகத் தினம் அந்தக் கடையில் டீ குடித்தவன் நான். அந்த ஆணியை நான் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பார்த்தும் மனதில் பதியவில்லை. சரி, தெரிந்த பிறகு என்ன செய்தேன்? கடைக்காரரிடம் கேட்கவில்லை, அவர் நமக்குத் தூரத்துச் சொந்தம். போலீசுக்குப் போகவில்லை. மறுநாள் முதல் பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறு கடைக்கு மாறிவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன். அந்தப் பையன் எஸ்.எஸ்.எல்.சி. எழுதாமல் நின்றுவிட்டான். டம்ளரும் பிறகு போய்விட்டது. எப்படிப் போயிற்று தெரியுமா? யூஸ் அண்ட் த்ரோ கப் வந்தது. ஒரு சாராருக்குக் கண்ணாடி கிளாஸ், மற்றவருக்குத் தூக்கிப் போடுகிற கப். ஆணிக்கு வேலை இல்லாமல் போனது.

இப்போது மாப்பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். "அவங்களுக்குத்தான் முன்னாடியே எஸ்.சி. கோட்டா இருந்ததே" என்று நீ கேட்பாய். இருந்தது. 1971 முதல் 18 விழுக்காடு. ஆனால் அந்தப் பதினெட்டில் பறையர், தேவேந்திரகுல வேளாளர், அருந்ததியர் உட்பட எழுபதுக்கும் மேற்பட்ட சாதிகள் சேர்ந்து நிற்க வேண்டும். கொங்கில் பட்டியல் சாதியினரில் பெரும்பகுதி அருந்ததியர். மாநில அளவில் வரிசை போட்டால் அவர்கள் கடைசியில் நின்றார்கள். ஏன் என்று சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டிய எனக்குத் தெரியும். ஒன்றாம் வகுப்பில் வளவிலிருந்து நிறையப் பெயர் இருக்கும். ஐந்தாம் வகுப்பில் பாதி. எட்டில் நாலைந்து. ஆடு மேய்க்க, பண்ணையத்துக்கு, பிறகு தறிக்குடோனுக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு. என் முதல் பத்து வருடத்தில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய வளவுப் பிள்ளைகளை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். வாசல் வரை வராதவனுக்கு வீட்டுக்குள் பாய் விரித்து என்ன பயன்?

அதைத்தான் அவர்கள் தங்களுக்குள் தனியாக ஒரு பங்கு கேட்டார்கள். ஆதித்தமிழர் பேரவை இரா. அதியமான் போன்றவர்கள் வருடக்கணக்கில் மாநாடும் ஊர்வலமுமாக நடந்தார்கள். நானும் கோவையில் ஊர்வலம் போனதைப் பார்த்திருக்கிறேன், பஸ் தாமதமாகிறது என்று எரிச்சல்பட்டதோடு சரி. 2008-ல் நீதிபதி எம்.எஸ். ஜனார்த்தனம் தலைமையில் ஒரு நபர் குழு. அதன் பரிந்துரைப்படி 2009-ல் சட்டம், அந்த ஆண்டு ஏப்ரல் 29 முதல் அமல். பதினெட்டில் மூன்று, அருந்ததியருக்கு முன்னுரிமை. அருந்ததியர், சக்கிலியர், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரர் என ஏழு பெயர்கள் அதில் அடங்கும். ஆள் கிடைக்காவிட்டால் அந்த இடம் மற்ற எஸ்.சி.க்குப் போகும். ஆகவே உன் இடத்திலிருந்து ஒன்றுகூட எடுக்கவில்லை, மாப்பிள்ளை. கவுன்சலிங் பட்டியலில் எஸ்.சி.க்குப் பக்கத்தில் எஸ்.சி.ஏ. என்று ஒரு கட்டம் புதிதாக வந்ததே, அது இதுதான்.

எதிர்ப்பு இருந்தது. புதிய தமிழகம் கிருஷ்ணசாமி வழக்குப் போட்டார். தலித் மக்களைப் பிரிக்கும் வேலை என்பது அவர்கள் வாதம். அதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. ஆந்திராவில் இதே மாதிரிச் சட்டத்தை 2004-லேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்ததால் நம் சட்டத்தின் தலைமேலும் கத்தி தொங்கியது. 2024 ஆகஸ்ட் 1-ல் ஏழு நீதிபதிகள் அமர்வு, ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில், உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்த பிறகே அது விலகியது.

அதே 2009-ல் இன்னொன்றும் நடந்தது. கருமத்தம்பட்டியில் நம் சாதி மாநாடு. நம் சொந்தத்தில் வேன் பிடித்துப் போனவர்கள் பலர். கொங்குநாடு முன்னேற்றக் கழகம் பிறந்தது. அங்கே எழுந்த கோரிக்கைகளில் ஒன்று, பி.சி.ஆர். சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பது. பொய்க் கேஸ் போடுகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். பொய்க் கேஸே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் வேலை பார்த்த ஊரில் அந்த ஆணிக்காக ஒரு கேஸ்கூட விழவில்லை.

ஒன்றுமே மாறவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். பண்ணையம் என்ற ஏற்பாடே இப்போது இல்லை. அதற்குச் சட்டத்தைவிட திருப்பூர் பனியன் கம்பெனி வேன்தான் காரணம் என்பது என் எண்ணம். காலையில் வளவு வாசலில் வேன் வந்து நின்றது, வாரச் சம்பளம் கையில் வந்தது, "சாமி" என்ற வார்த்தை வாயிலிருந்து போனது. அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த ப. தனபால் 2012 முதல் 2021 வரை சட்டப்பேரவைத் தலைவராக இருந்தார். 2016-லும் 2021-லும் அவிநாசியில் ஜெயித்தவர் அவர். அவர் உள்ளே வந்தால் எல்லாக் கட்சிக்காரரும் எழுந்து நின்றார்கள்.

அதே அவிநாசி வட்டாரத்தில்தான் 2018-ல், அருந்ததியப் பெண் ஒருவர் சத்துணவு சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடாது என்று பெற்றோர் அரசுப் பள்ளியின் முன் கூடினார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அந்த அம்மாவை வேறு பள்ளிக்கு மாற்றியது. போராட்டம் வந்த பிறகே உத்தரவை ரத்து செய்தார்கள். அடுத்த வருடம் டிசம்பர் 2, விடிவதற்கு முன், மழையில், மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் பக்கத்துக் காலனி வீடுகள் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். பிறகு அங்கே போய் நின்று பார்த்தேன். சுவருக்கு அவ்வளவு உயரம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கியது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"எத்தனை வருசத்துக்கு" என்று கேட்டாயே. 1975 வரை நம் சாதிக்கு எந்தச் சலுகையும் கிடையாது. அந்த வருடம்தான் கொங்கு வேளாளரைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தார்கள். அப்போது நம்மிடம் தோட்டம் இருந்தது, கிணறு இருந்தது, மோட்டார் இருந்தது, சொசைட்டியில் பங்கு இருந்தது. நம் அப்பன் தாசில்தார் ஆபீசுக்கு மூன்று நடை நடந்து எனக்கு பி.சி. சர்டிபிகேட் வாங்கி வந்தார். 1978-ல் எனக்கு வாத்தியார் வேலை உத்தரவு வந்தது அந்தக் கணக்கில்தான். உன் அம்மா கல்யாணத்துக்குப் போட்ட நகையில் பாதி என் சம்பளத்தில் வாங்கியது. நீ இன்ஜினியரிங் சீட் வாங்கியதும் பி.சி. கோட்டாவில்தான்; பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தவன் நானே. எத்தனை வருசத்துக்கு என்று அன்றைக்கு நம் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

அந்தப் பழைய சர்டிபிகேட் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, செல்லோடேப் ஒட்டியிருக்கிறேன். தீபாவளிக்கு வருவாய் அல்லவா, எடுத்துக் காட்டுகிறேன். வரும்போது பஸ் ஸ்டாண்டு கடையில் இரண்டு பேரும் டீ குடித்துவிட்டே வீட்டுக்குப் போகலாம்.