கட்டடக் காட்சிப்படங்களில் சன்னல் கண்ணாடி: சென்னை அடுக்ககங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

தியாகராய நகரிலும் அடையாறிலும் தனிவீடுகள் இடிக்கப்பட்டு அடுக்ககங்கள் எழும்போது, கட்டடத்துக்கு முன்பே அதன் கணினிப் படம் விற்பனைக்கு வந்துவிடுகிறது. நண்பகலில் தெருவிலிருந்து பார்ப்பதாக வரையப்பட்ட படத்திலும் வரவேற்பறை சோபா பளிச்செனத் தெரியும். இதை அழகுக்காகத் தரப்படும் சலுகை என்று விட்டுவிட முடியாது. வீடு வாங்குபவருக்குத் தரப்படும் பிழையான தகவல் இது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒளியின் கணக்கு

சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.52. நேராக விழும் ஒளியில் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும். இரு பரப்பும் சேர்ந்தால் 8. எதிர்வீட்டுச் சுவரில் 50,000 லக்ஸ் வெயிலும் அறைச் சுவரில் 500 லக்ஸ் ஒளியும் விழுவதாகக் கொள்வோம். இரு சுவருக்கும் ஒரே வண்ணம். கண்ணாடி திருப்பும் வெளியொளி 4,000 பங்கு என்றால், அதைக் கடந்து வரும் அறையொளி சுமார் 450 பங்குதான். ஒன்பது மடங்கு வேறுபாட்டில் சோபா தெரிய வழியில்லை. கோணம் சாயச் சாயப் பிரதிபலிப்பு இன்னும் கூடும். 80 பாகையில் ஒரு பரப்பே 40 விழுக்காட்டை நெருங்கும். மயிலாப்பூரின் குறுகிய தெருவில் நின்று மூன்றாம் மாடியை அண்ணாந்து பார்ப்பவருக்குச் சன்னலில் வானமே தெரிவது இதனால்தான். விளக்கேற்றிய இரவில் கணக்கு தலைகீழாகும்; அப்போது அறை முழுவதும் தெருவுக்குத் தெரியும். பகல் படம் மறைக்கும் அந்தரங்கச் சிக்கல் இது.

மென்பொருளில் நேரும் பிழைகள்

ஒபாசிட்டியை (ஒளிபுகாமையை) குறைப்பதால் மட்டும் கண்ணாடி உருவாகிவிடாது. அது எல்லாக் கோணத்துக்கும் ஒரே மதிப்பையே தரும். கோணத்துக்கேற்ப மாறும் ஃபிரெனெல் பிரதிபலிப்பு வேண்டும். அதைக் கணக்கிட 1994இல் ஷ்லிக் தந்த எளிய தோராயமே பல இடங்களில் போதும். தடிமனற்ற ஒற்றைத் தளத்துக்கு விலகல் எண்ணைக் கொடுத்தால், அதற்கப்பால் உள்ளதெல்லாம் கண்ணாடிக்கட்டி என்று மென்பொருள் கணக்கிட்டுப் பின்னணியைப் பிறழச் செய்துவிடும்.

இதைவிடப் பெரிய பிழை உட்புறப் படங்களில் நேர்கிறது. ரெண்டர் நேரத்தை மிச்சப்படுத்தக் கண்ணாடியையே நீக்கிவிடுகிறார்கள். குடியிருப்புகளுக்கான ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதா (2018), சன்னல் பரப்பு சுவர்ப் பரப்பில் 30 விழுக்காட்டுக்குள் இருந்தால், கண்ணாடியின் ஒளிகடத்தல் குறைந்தது 0.27 இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் குறைந்த அளவுக் கண்ணாடியைப் பொருத்தப்போகும் வீட்டைக் கண்ணாடியின்றி வரைந்தால், சன்னல்வழி வரும் ஒளி நான்கு மடங்கு வரை மிகைப்படும். இரும்புக் கிராதியும் கொசுவலையும் விடுபட்டால் மிகை இன்னும் கூடும்.

முடிவுரை

‘சித்திரிப்புப் படம் மட்டுமே’ என்ற சிறிய எழுத்துக் குறிப்பு இதற்கு ஈடாகாது. விளம்பரத்தில் உள்ள பொய்த் தகவலை நம்பி முன்பணம் கட்டி இழப்புற்றவருக்கு, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் (2016) 12ஆம் பிரிவு இழப்பீட்டுரிமை தருகிறது. அறையும் முகப்பும் ஒன்றாகத் தெரிய விரும்பும் வடிவமைப்பாளர், உள்ளொளியும் வெளியொளியும் சமன்படும் அந்தி வேளையை நேர்மையாகத் தேர்ந்துகொள்ளலாம். எவ்வேளைப் படமாயினும், கண்ணாடியின் ஒளிகடத்தல் எண், சன்னலின் திசை, காட்டப்படும் நேரம் ஆகிய மூன்றையும் அதிலேயே அச்சிட வேண்டும். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வீடு வாங்குபவருக்கு இந்த மூன்று விவரங்களையும் கேட்கும் உரிமை உண்டு.