அயல் வீட்டுப் பூனையும் அறநூல்களும்

அயலான் மாடு பயிரை மேய்ந்துவிட்டால் யாரிடம் முறையிடுவது, என்ன தண்டம் கேட்பது என்பதை இந்நாட்டு உழவன் பல நூற்றாண்டுகளாக அறிந்திருக்கிறான். எருமைக்கு ஒரு விதி, ஆட்டுக்கு ஒரு விதி, ஒட்டகத்துக்கு ஒரு விதி என்று நம் நூல்கள் அளந்து வைத்திருக்கின்றன. ஆனால் அயல் வீட்டுப் பூனை இரவில் மதிலேறிக் குதித்து, அன்று மாலை விதைத்த கீரைப் பாத்தியைக் கிளறி அசுத்தம் செய்துவிட்டுப் போனால் அதற்கு விதி யாது? இவ்வினாவுக்குப் பழைய நூலும் புதிய நூலும் ஒருங்கே வாய் திறப்பதில்லை. இந்த மௌனம் மறதியால் நேர்ந்ததா, அன்றிக் காரணம் உடையதா என்பதையே நாம் இங்கே ஆராயப் புகுகின்றோம்.

பூனை பிறர் இடத்தில் நுழைவது புதிய செய்தி அன்று. சிந்து வெளியில் சான்ஹு-தாரோ என்னும் இடத்தை 1935-36ஆம் ஆண்டுகளில் எர்னஸ்ட் மக்கே என்ற அறிஞர் அகழ்ந்தபோது செங்கல் ஒன்று கிடைத்தது. அதன்மீது பூனையின் அடிச்சுவடும், அதனையொட்டி நாயின் அடிச்சுவடும் பதிந்திருந்தன. ஈரம் உலராத கல்லின்மேல் பூனை ஓட, நாய் அதனைத் துரத்திச் சென்றது என்று கொள்வர். அறுத்து வைத்த கல் கெட்டதே என்று சூளைக்காரன் அதனை எறிந்துவிடவில்லை. ஏனைய கற்களோடு சேர்த்துச் சுட்டுவிட்டான். நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவனுடைய பொறுமை நமக்குச் சான்றாகக் கிடைத்திருக்கிறது.

இனி அறநூல்களுக்கு வருவோம். மனு ஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் வயலுக்கு இடும் வேலியைப் பற்றி நுட்பமாகப் பேசுகிறது. ஒட்டகம் எட்டிப் பார்க்க முடியாத உயரம் வேண்டும். நாயோ பன்றியோ தலையை நுழைக்கக்கூடிய துளை எதுவும் இருத்தலாகாது. ஊரை அடுத்த வயலுக்கு வேலியிடாமல் விட்டு, பயிர் அழிந்தால், மேய்ப்பவனை அரசன் தண்டிக்க மாட்டான். ஆகவே காக்கும் கடமையில் ஒரு பங்கு நிலத்துக்கு உடையவனையே சார்கிறது. யாக்ஞவல்கியர் தண்டத்தை வரிசைப்படுத்துகிறார்: பயிரை அழித்த எருமைக்கு எட்டு மாஷம், பசுவுக்கு அதில் பாதி, ஆட்டுக்கு அதிலும் பாதி. ஒட்டகத்தின் கழுத்தையும் பன்றியின் மூக்கையும் அளந்து வேலி கட்டச் சொன்ன பெரியோர்கள், எந்த வேலியையும் பொருட்படுத்தாத பூனையைக் காணாதவர்கள் அல்லர். ஆசிரியனுக்கும் மாணாக்கனுக்கும் இடையே பூனை குறுக்கிட்டால் அன்று வேதம் ஓதுவதை நிறுத்த வேண்டும் என்று அதே மனு ஸ்மிருதி கூறுகிறது. தவம் செய்வதுபோல் நடிப்பவனைப் பூனை விரதம் பூண்டவன் என்று பழிக்கவும் செய்கிறது. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் முன்கால்களை உயர்த்தி நிற்கும் பூனையையும் அதன் காலடியில் உள்ள எலிகளையும் பார்த்தவர்களுக்கு இக்கருத்து எளிதில் விளங்கும். பூனையை எள்ளி நகையாடினார்கள். வழக்கு மன்றத்துக்கு மட்டும் அழைக்கவில்லை.

ஏன் அழைக்கவில்லை என்பதற்கு விடை கௌடலியரின் அர்த்தசாஸ்திரத்தில் இருக்கிறது. நெடுங்காலம் பெயரளவில் மட்டும் அறியப்பட்டிருந்த அந்நூலின் ஏடு, தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் வழியாக மைசூர் நூலகத்துக்கு வந்து, அங்கே சாம சாஸ்திரியாரால் 1909இல் அச்சேறியது. அதன் மூன்றாம் அதிகரணத்தில் மேய்ச்சல் வழக்குகள் வருகின்றன. பயிரைத் தின்ற விலங்குக்கு உடையவன் இழப்பைப்போல் இரு மடங்கு ஈடு செய்ய வேண்டும். கிராம தேவதைக்கு விடப்பட்ட காளையும், கன்று ஈன்று பத்து நாள் ஆகாத பசுவும் விலக்குப் பெறுகின்றன. பூனை இங்கும் இல்லை. ஆனால் நான்காம் அதிகரணத்தில், நாட்டுக்கு வரும் பெருந்துன்பங்களைத் தடுக்கும் வழிகளைச் சொல்லுமிடத்தில், அது தோன்றுகிறது. எலிகளால் அச்சம் நேர்ந்தால் பூனைகளையும் கீரிகளையும் அவிழ்த்துவிட வேண்டும். அவற்றைப் பிடிப்பவனுக்கும் துன்புறுத்துபவனுக்கும் பன்னிரண்டு பணம் தண்டம். தம் நாய்களை அடக்கி வைக்காதவர்களுக்கும் அவ்வாறே.

இவ்விதியைச் சற்று நின்று நோக்க வேண்டும். மாடு எல்லை தாண்டுவது குற்றம். நாயை அடக்காமை குற்றம். பூனையோ எல்லை தாண்டுவதற்காகவே விடப்படுகிறது. ஒரு வீட்டு வாசலோடு நின்றுவிடும் பூனையால் ஊருக்கு என்ன பயன்? எலி எந்தக் களஞ்சியத்தில் இருக்கிறதோ அந்தக் களஞ்சியத்துக்கு அது செல்ல வேண்டும். வேலி தாண்டுதலே அதன் ஊழியமாக இருந்தது. ஆதலின் அதற்கு உடையவன் யார் என்று எவரும் கேட்கவில்லை. உடையவன் இல்லாதபோது தண்டம் யாரிடம் வாங்குவது?

மேனாடுகளிலும் கதை ஏறக்குறைய இதுவே. சைப்பிரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறையொன்றில் மனிதனுக்கு அருகே பூனை புதைக்கப்பட்டிருந்ததைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டனர். தானியத்தைச் சேமித்தவனிடம் எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. வேல்ஸ் நாட்டில் ஹைவல் என்ற மன்னன் பெயரால் வழங்கும் பழைய சட்டங்கள் பூனைக்கு விலையே நிறுத்தியிருக்கின்றன. குட்டி கண் திறக்கும்வரை ஒரு பென்னி, எலி பிடிக்கும்வரை இரண்டு, பிடித்த பிறகு நான்கு. மன்னனின் களஞ்சியத்தைக் காக்கும் பூனையைக் கொன்றவன், அதன் வாலைப் பிடித்துத் தலை தரையில் படுமாறு தொங்கவிட்டு, வால் நுனி மறையும்வரை கோதுமையைக் கொட்டித் தர வேண்டுமாம். அது காத்த பொருளாலேயே அதன் விலையை அளந்த இம்முறை நமக்குச் சுவையாகத் தோன்றுகிறது.

இங்கிலாந்தில் 1926இல் இவ்வழக்கு நேராகவே மன்றம் ஏறியது. ஒருவருடைய பூனை அண்டை வீட்டாரின் நிலத்தில் புகுந்து புறாக்களையும் சிறுவகைக் கோழிகளையும் கொன்றுவிட்டது. மேல்முறையீட்டு மன்றம், பூனை தன் இனத்துக்கு இயல்பான முறையில் செய்த தீங்குக்கு உடையவர் பொறுப்பாளர் ஆகார் என்று தீர்ப்புக் கூறியது. புறாவைக் கொன்றதற்கே பொறுப்பில்லை என்றால் பாத்தியைக் கிளறியதற்கு என்ன கேட்பது?

இந்தியாவில் 1871ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பிறர் நிலத்தில் நுழையும் கால்நடைகளைப் பற்றியது. பயிரை அழிக்கும் விலங்கைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பட்டிக்கு, அதாவது ஊரார் வழக்கில் பவுண்டுக்கு, அனுப்பும் உரிமையை அது நிலத்துக்கு உடையவனுக்கு அளித்தது. கால்நடை என்னும் சொல்லில் எவையெல்லாம் அடங்கும் என்பதற்கு அச்சட்டம் தரும் பட்டியல் யானையில் தொடங்கி ஆட்டுக்குட்டியில் முடிகிறது. யானை அண்டை வீட்டுத் தோட்டத்துக்கு வந்தால் பிடித்துக் கொண்டுபோய்க் கட்டலாம். பூனை வந்தால் ஆகாது. சட்டங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொணரும் தொழிலில் இருப்பவர்களுக்கு இப்பட்டியலில் ஒரு சிறு வேடிக்கை உண்டு. காலால் நடப்பன எல்லாம் தமிழில் கால்நடை ஆகலாம். எனினும் நம் வீட்டில் எவரும் பூனையைக் கால்நடை என்று சொல்வதில்லை. ஆங்கிலச் சட்டமும் தமிழ் வழக்கும் இவ்விடத்தில் தாமே ஒத்துப்போகின்றன.

பூனையின் ஊழியம் கடைசியாக ஒருமுறை பெரிதாகப் பேசப்பட்டது பிளேக் நோயின் காலத்தில். 1896இல் பம்பாயில் தோன்றிய அந்நோய் எலியுண்ணிகளால் பரவுவது தெளிவான பிறகு, பேரார் பகுதியின் அம்ராவதியில் அரசாங்க மருத்துவராக இருந்த புக்கானன், பூனை மிகுந்த ஊர்களில் நோய் குறைவு என்று வாதிட்டு, வீடுதோறும் பூனை வளர்க்குமாறு 1908இல் எழுதினார். கௌடலியர் சொன்ன மருந்தையே அவரும் சொன்னார் எனலாம்.

அதே 1908இல் வேறொரு கண்டுபிடிப்பும் நிகழ்ந்தது. தூனிஸ் நகரில் நிக்கோலும் மான்ஸோவும் ஒரு கொறிவிலங்கின் உடலில் டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரைக் கண்டனர். அதற்கும் பூனைக்கும் உள்ள தொடர்பு 1970 அளவில்தான் வெளிப்பட்டது. அவ்வுயிர் தன் இனப்பெருக்கத்தைப் பூனையினத்தின் குடலிலேயே நிறைவு செய்கிறது. அதன் முட்டை போன்ற கூடுகள் மலத்தோடு மண்ணில் சேர்ந்து, ஈரமான இடத்தில் மாதக் கணக்கில் உயிரோடிருக்கின்றன. நலமுள்ளவர்களுக்கு இதனால் பெரும்பாலும் தொல்லை இல்லை. கருவுற்றிருக்கும் பெண்ணுக்கு அப்பொழுது முதன்முறையாகத் தொற்றினால் வயிற்றுக் குழந்தையின் கண்ணுக்கும் மூளைக்கும் கேடு விளையக்கூடும். கீரைப் பாத்தியைப் பற்றிய முறையீடு வெறும் நாற்றத்தைப் பற்றியது மட்டும் அன்று என்பது இதனால் தெரியவரும்.

தில்லியில் வசிப்பவர்கள் புரட்டாசி கழிந்து ஐப்பசி பிறந்ததும் வீட்டுப் பின்புறத்தில் பசலையும் வெந்தயமும் கொத்தமல்லியும் விதைப்பது வழக்கம். நம் குடியிருப்பிலும் அப்படியே. கொத்திப் பொடியாக்கிய உலர்ந்த மண்ணைக் காட்டிலும் பூனைக்கு உவப்பான இடம் வேறில்லை. வறண்ட நிலத்துக் காட்டுப் பூனையின் வழிவந்த அது, மலத்தைத் தோண்டிப் புதைக்கும் பழக்கத்தை விட்டதில்லை. இரவில் விதைத்தவன் உழைப்பு விடியலில் குழியாகக் கிடக்கும். அடுத்த வீட்டில் நான்கு பூனைகள். அவ்வீட்டு அம்மையாருக்கு அவை பிள்ளைகளைப் போல. அக்கம்பக்கத்தில் ஒருவர், ரொட்டித் துண்டில் எதையோ தடவி வைத்தால் ஒரே இரவில் தீரும் என்று நமக்கு இரகசியமாக யோசனை கூறினார்.

அந்த யோசனையின் வரலாற்றையும் சொல்லத்தான் வேண்டும். 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டம், பத்து ரூபாயோ அதற்கு மேலோ விலைபெறும் விலங்கை நஞ்சிட்டுக் கொல்வதைக் குற்றமாக்கியது. அக்காலத்துப் பத்து ரூபாய்க்குத் தெருப்பூனையை யார் வாங்குவார்? ஆகவே அந்தப் பிரிவின்கீழ்ப் பூனை பெரும்பாலும் வெளியே நின்றது. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொணர்ந்த தனி உறுப்பினர் மசோதாவின் விளைவாக 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தபோது, விலை பார்க்காமல் துன்பத்தைப் பார்க்கும் நோக்கு நம் சட்டத்தில் ஓங்கியது. ஆயினும் முதற்குற்றத்துக்கு அது விதித்த அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய்தான். 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு அந்தப் பத்து ரூபாய் வரம்பையே நீக்கிவிட்டது. எந்த விலங்கை நஞ்சிட்டுக் கொன்றாலும் ஐந்தாண்டு வரை சிறை நேரலாம். வேல்ஸில் நான்கு பென்னி, மகதத்தில் பன்னிரண்டு பணம் என்று அளந்தது போய், விலை பேசாத நிலைக்குப் பூனை வந்திருக்கிறது. யோசனை கூறிய நண்பரிடம் இந்தப் பிரிவை எடுத்துரைத்தோம். அவர் பேச்சைக் கிரிக்கெட்டுக்கு மாற்றிக்கொண்டார்.

சட்டம் கைவிட்ட இடத்தில் மண்ணும் முள்ளும் உதவின. குடியிருப்புக்கு வரும் மாலி, அருகிலுள்ள காட்டு மேட்டிலிருந்து கீகர் முள்ளை வெட்டிவந்து, விதைத்த பாத்தியின்மேல் நெருக்கமாகப் பரப்பினார். மனு சொன்ன வேலி நிமிர்ந்து நிற்பது. இது படுத்துக் கிடப்பது. பூனை மதிலைத் தாண்டும், முள்ளின்மேல் குந்துவதில்லை. மாலையில் தெளித்த நீரால் மண் ஈரமாக இருந்ததும் அதற்குப் பிடிக்கவில்லை. கிடந்த அசுத்தத்தை அன்றன்றே கையுறையணிந்து அப்புறப்படுத்தினோம். அந்நுண்ணுயிரின் கூடுகள் நோய் தரும் நிலையை அடைய ஒரு நாளுக்குக் குறையாமல் ஆகும் என்று மருத்துவ நூல்கள் சொல்வதால் இதில் தாமதம் கூடாது. பறித்த கீரையை மும்முறை அலசினோம்.

அடுத்த வீட்டு அம்மையாரிடம் பேசுவதுதான் கடினமாக இருந்தது. பூனைகளைக் குறை சொல்லாமல், நம் வீட்டு மருமகள் கருவுற்றிருப்பதைச் சொன்னோம். அவர் அன்றே தம் மதிலோரம், கட்டடம் கட்டி முடிந்த இடத்தில் மிஞ்சிக் கிடந்த மணலைப் பழைய மரப்பெட்டியொன்றில் கொட்டி வைத்தார். பூனைகள் மூன்று அதற்குப் பழகிவிட்டன. நான்காவது, கிழப்பூனை, கார்த்திகை முடியும்வரை நம் பக்கமே வந்துகொண்டிருந்தது. வெந்தயம் முளைத்து இலை மண்ணை மூடிய பிறகு அதுவும் வேறு இடம் தேடிக்கொண்டது. முள்ளை மாலி எடுத்துக் கட்டி, அடுத்த ஐப்பசிக்கென்று கூரைமேல் வைத்திருக்கிறார்.