பல வரிகளைத் திருத்தும் ஒரு விதி



ஏட்டுச் சுவடியைப் படியெடுத்தோர் பிழை கண்டால் வரி வரியாகவே திருத்தினர். இக்காலத்தில், கணினிக்கு ஒரு விதியைக் கூறினால், அதற்குப் பொருந்தும் வரிகள் யாவும் ஒருங்கே திருந்துகின்றன.

இதன் வரலாறு கணிதத்திலே தொடங்குகிறது. எழுத்துத் தொடர்களின் அமைப்பைக் குறியீட்டால் விளக்கும் முறையை அமெரிக்க அறிஞர் ஸ்டீவன் கிளேனி 1951 ஆம் ஆண்டில் வகுத்தார். 1956 இல் அஃது அச்சேறியது. அம்முறையால் உரையிலே தேடும் வழியைக் கென் தொம்சன் 1968 இல் வெளியிட்டார். பெல் ஆய்வுக்கூடத்து உரைத்திருத்திகள் வாயிலாக அது பரவியது.

தமிழுக்கு அது பேருதவி புரிந்தது எழுத்துரு மாற்றத்திலேயாம். ஒருங்குறி பரவுமுன் இலங்கையில் 'பாமினி' போன்ற எழுத்துருக்கள் பெருவழக்காயிருந்தன. அவற்றிலே குறிகள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே அடுக்கப்படும். பொகவந்தலாவை என்னும் ஊர்ப்பெயரை நோக்குங்கள். அதன் முதலெழுத்துக்குக் கொம்பு, பகரம், அரவு என மூன்று குறிகள் வேண்டும். ஒருங்குறியிலோ பகரமே முந்தும். கொம்பும் அரவும் இணைந்த ஒரே குறி அதனைத் தொடரும். எனவே, "கொம்பு, யாதேனும் ஓர் எழுத்து, அரவு" என வருமிடமெல்லாம் மாற்றுக என விதி அமைப்பர். 'யாதேனும்' என்ற சொல்லிலேயே அதன் வலிமை அடங்கியுள்ளது. பதினெட்டு எழுத்துக்கும் தனித்தனி விதி வேண்டுவதில்லை.

விதிகளின் முறைவைப்பும் கருதத்தக்கது. கொம்பை மட்டும் மாற்றும் விதி முந்திவிட்டால், அரவு தனித்து நிற்கும். கண்ணுக்குச் சொல் ஒன்றே. ஆயின் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் ஏற்பாடில்லாத கணினியில் தேடுவோர் அவ்வூரைக் காணமாட்டார்.

ஔகாரம் இதனினும் இடர் மிக்கது. கொம்பு, ஓர் எழுத்து, ளகரம் என்பதே பழைய எழுத்துருவில் அதன் வடிவம். அவ்வடிவத்தை எங்கும் ஔகாரமாக்கினால் 'வெள்ளம்' சிதையும். மலையகத் தொழிற்சங்கத் தலைவர் வி. கே. வெள்ளையனின் பெயரும் சிதையும். ளகரத்தின்மேற் புள்ளியோ வேறு குறியோ உளதாயின் விலக்குக என்று விதியைக் குறுக்குதல் வேண்டும். அப்போதும் 'தெளிவு' தப்பும். குறியில்லாத ளகரம் வருமிடங்களை மனிதக் கண்ணே பார்த்தல் வேண்டும்.

இஃது அற்பமன்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949 ஆம் ஆண்டின் சட்டமோ, நெடுங்காலம் இங்கு வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. எஞ்சியோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003 இலே நிறைவேறியது. ஏட்டிலுள்ள பெயரின் மதிப்பைப் பட்டறிந்த மக்கள் அவர்கள். அவர்தம் பழைய பதிவுகளைப் புது எழுத்துக்கு மாற்றுவோர், மூலப்படியை வேறாகப் பேணி, விதி தொடும் வரிகளை முன்னரே கண்டு, பின்னரே அதனை ஏவுதல் கடனாகும்.