யார் போய்ச் சொல்வது? தோட்டத்துச் சங்கம் பிறந்த கதை

தீப்ஸ் நகரத்து மன்னன் கிரெயோன் முன்னால் ஒரு காவலாளி வந்து நிற்கிறான். வரும் வழியில் பல இடங்களில் நின்று, திரும்பிப் போய்விடலாமா என்று தயங்கித் தயங்கித்தான் வந்து சேர்ந்திருக்கிறான். மன்னனின் கட்டளையை யாரோ மீறிவிட்டார்கள். அதை யார் போய்ச் சொல்வது என்று காவலாளிகளுக்குள் நடுக்கம். கடைசியில் சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள். சீட்டு இவன் பேரில் விழுந்தது.

கி.மு. 441 அளவில் ஏதென்ஸில் அரங்கேறிய சோபாக்ளிஸின் ‘அந்திகனி’ நாடகத்தில் வரும் காட்சி இது. உண்மையைச் சொல்லப் போகிறவனைச் சீட்டுப் போட்டுத் தேடும் நிலை வந்துவிட்டால், அந்த அரசனின் கேடு அப்போதே தொடங்கிவிட்டது என்று பொருள்.

‘யார் போய்ச் சொல்வது?’ இலங்கையில் எங்கள் தேயிலை மலைகளில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக, தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு லயம் கேட்கப்பட்ட கேள்வியும் இதுதான். பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், வெட்டப்பட்டால் யார் போய்த் தோட்டத் துரையிடம் சொல்வது? கூலி குறைந்தால், கங்காணி கை நீட்டினால் யார் சொல்வது? அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடையின் பெயர்தான் சங்கம். அது பிறந்த கதை, அதிகாரம் தன் காதுகளை மூடிக்கொண்ட கதையும்தான்.

விடியுமுன் தப்பு மேளச் சத்தம் கேட்கும். லயத்துக் காம்பராக்களிலிருந்து ஆணும் பெண்ணும் பெரட்டுக் களத்துக்கு ஓட வேண்டும். ‘பரேட்’ என்ற படைமுகாம் சொல்தான் எங்கள் வாயில் பெரட்டு ஆனது. சொல் மட்டும் வரவில்லை, படைமுகாமின் ஒழுங்கும் கூடவே வந்தது. மேலே பெரிய துரை, அவருக்குக் கீழே சின்னத் துரை, அவருக்குக் கீழே கணக்கப்பிள்ளை. தொழிலாளிக்கும் இவர்கள் எல்லாருக்கும் நடுவில் தலைப்பாகையும் கோட்டும் கைத்தடியுமாகப் பெரிய கங்காணி.

திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து முன்பணம் கொடுத்து ஆட்களைத் திரட்டி வந்தவர் கங்காணி. அந்த முன்பணம் கடனாக ஏறியது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், கடன் இவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆளை எடுக்கும். ஆக, ஒரு மனிதனின் விலை ஒரு காகிதத் துண்டில் எழுதப்பட்டுக் கைமாறியது. 1921இல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள். துண்டு போனது, துரையின் முன் வாய் திறக்கும் துணிவு வரவில்லை. தொழிலாளியின் வாயாகவும் துரையின் காதாகவும் கங்காணி ஒருவரே இருந்தார். தனக்குப் பாதகமானதை அந்த வாய் சொல்லாது.

இந்தக் கட்டுக்குள் முதலில் நுழைந்தவர் தஞ்சாவூர்க்காரர் கோ. நடேசய்யர். தோட்டம் தனியார் நிலம். துரையின் அனுமதியில்லாமல் வெளியாள் உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. அதனால் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போய் நிலைமையைக் கண்டு எழுதினார் என்பது அவரைப் பற்றி மலையகத்தில் இன்றும் சொல்லப்படும் செய்தி. பத்திரிகை நடத்தினார், துண்டுப் பிரசுரம் போட்டார், சட்டசபையில் பேசினார். கொழும்பில் தொழிற்சங்கத் தலைவர் ஏ.ஈ. குணசிங்கவோடு சேர்ந்து தொழிற்சங்க வேலை பழகி, பிறகு அவரை விட்டுப் பிரிந்து மலைக்கு ஏறினார். 1931இல் ஹட்டனைத் தலைமையிடமாக வைத்து அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளருக்கென்று பிறந்த முதல் சங்கம் அது.

அவருடைய மனைவி மீனாட்சி அம்மையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாத மக்களுக்குப் பிரசுரம் எட்டாது, பாட்டு எட்டும். அதைத் தெரிந்து, தொழிலாளர் துயரை மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். ‘யார் போய்ச் சொல்வது’ என்ற கேள்விக்கு மலையில் எழுந்த முதல் குரல்களில் ஒன்று பெண்குரல்.

தோட்டத்துரைமார் இந்தச் சங்கத்தை மதித்துப் பேச முன்வரவில்லை. உலகப் பொருளாதார மந்தம் தேயிலை விலையைச் சாய்த்தபோது கூலி வெட்டப்பட்டது. மந்தமும் பகையும் சேர்ந்து முதல் சங்கத்தின் வளர்ச்சியைத் தடுத்தன. ஆனால் 1936இல் ஹட்டன் தொகுதி மக்கள் நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். சங்கம் தளர்ந்த இடத்தில் வாக்குப் பேசியது.

அதே 1936இல் கண்டிக்கு அப்பால் மடுல்கெலப் பகுதியில் உள்ள ரெலுகாஸ் தோட்டத்துக்கு வேலை பழக ஓர் இளைஞர் வந்தார். பெயர் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில். லண்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். துரையாகப் போகிறவர், தொழிலாளர் பக்கம் சாய்ந்தார். லயங்களின் நிலையையும் பிள்ளைகளுக்குப் படிப்பில்லாததையும் கண்டு பேசினார். தோட்டம் அவரை வெளியேற்றியது. அவர் இடதுசாரி லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார்.

1937 ஏப்ரல் 3. நாவலப்பிட்டியில் பொதுக்கூட்டம். இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாயவும் அங்கே பேசினார். தோட்டத் தொழிலாளர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். அந்தக் கட்சியின் என்.எம். பெரேரா இந்த வெள்ளைத் தோழரை அறிமுகப்படுத்தியபோது ‘சாமி, சாமி’ என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. அவர் மலைமேல் தெரிந்த வெள்ளை பங்களாக்களைக் காட்டி, அங்கே சொகுசாக இருப்பவர்கள் உங்கள் உழைப்பை உறிஞ்சுகிறார்கள் என்ற கருத்தில் பேசினார். கேட்க வந்திருந்த துரைமாருக்கு அது தாங்கவில்லை. தங்கள் தோலின் நிறமே தங்கள் கட்டளை என்று நம்பியிருந்தவர்கள் அவர்கள். அந்த நிறத்திலேயே ஒருவன் எதிரே நின்று பேசியது, கூலி உயர்வுக் கோரிக்கையைவிட ஆழமாகத் தைத்தது.

தேசாதிபதி சேர் எட்வர்ட் ஸ்டப்ஸ் கட்டளை போட்டார். ஏப்ரல் 22ஆம் திகதி அது பிரேஸ்கேர்டிலின் கைக்கு வந்தது. 24ஆம் திகதி மாலைக்குள் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். காரணம் சொல்லவில்லை, விசாரணை இல்லை.

கிரெயோனின் கட்டளையை இப்போது நினைத்துப் பாருங்கள். உடன்பிறந்த இருவர் போரில் ஒருவரையொருவர் கொன்றார்கள். ஒருவனுக்கு அரச மரியாதையோடு அடக்கம், மற்றவன் உடல் நாய்க்கும் பறவைக்கும் என்றான் புதிய மன்னன். தங்கை அந்திகனி மீறினாள், அண்ணன்மேல் மண் தூவினாள். அவளை உயிரோடு குகையில் அடைக்கச் சொன்னான். மகன் ஹீமோன் வந்து, நகரம் உங்களுக்குப் பயந்து இருட்டில் முணுமுணுக்கிறது, ஒருவருக்கு மட்டும் சொந்தமானது நகரமே ஆகாது என்று தன்மையாகத்தான் எடுத்துச் சொன்னான். கிரெயோனின் காதில் விழுந்தது கருத்தல்ல, தன்னைவிட இளையவன் தனக்குப் புத்தி சொல்கிறான் என்பதுதான். அவன் தொடக்கத்தில் கொடியவனாக வரவில்லை. போரில் சிதைந்த நகரத்தை நிறுத்த வேண்டும் என்ற பொறுப்போடுதான் வந்தான். மாற்றுக் கருத்தை அவமானமாக எண்ணிய அந்தக் கணத்தில் பொறுப்பு செருக்காகத் திரிந்தது.

மலையில் நடந்ததும் அந்தத் திரிபுதான். பிரேஸ்கேர்டில் தலைமறைவானார். மே தின ஊர்வலத்தில் ஸ்டப்ஸையே நாடு கடத்து என்ற அட்டைகள் எழுந்தன. மே 5ஆம் திகதி, உள்துறை அமைச்சரின் ஆலோசனை பெறாமல் கட்டளை போட்டதற்காகத் தேசாதிபதிமேல் அரசாங்க சபையில் கண்டனத் தீர்மானம் வந்தது. ஆதரவாக 34, எதிராக 7 வாக்குகளோடு அது நிறைவேறியது. அன்றே கொழும்புக் காலிமுகத்திடலில் பெருங்கூட்டம். யாழ்ப்பாணத்து ஹன்டி பேரின்பநாயகமும் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் பேசிய அதே மேடையில் மீனாட்சி அம்மையும் பேசினார். தேடப்பட்ட இளைஞர் அந்த மேடையிலேயே தோன்றினார். அத்தனை கூட்டத்தின் நடுவே பொலிஸாரால் அவரைத் தொட முடியவில்லை.

சில நாட்களில் அவரைக் கைது செய்தார்கள். ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நாட்டின் முன்னணிச் சட்டத்தரணி எச்.வி. பெரேரா தாமாக முன்வந்து வாதாடினார். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரகாம்ஸ் தலைமையில் மூன்று நீதியரசர்கள் கேட்டார்கள். தேசாதிபதி கையில் எடுத்தது 1896ஆம் ஆண்டின் ஓர் அரசவை ஆணை. நெருக்கடி காலத்துக்கான அதிகாரம் அது. அமைதியான நாட்டில், பேசியதற்காக ஒருவரை வெளியேற்ற அது உதவாது என்று மே 18ஆம் திகதி தீர்ப்பு வந்தது. பிரேஸ்கேர்டில் விடுதலையானார். ஸ்டப்ஸ் அதே ஆண்டின் நடுவில் தீவை விட்டுப் போனார். அவருடைய தந்தை வில்லியம் ஸ்டப்ஸ், இங்கிலாந்தின் அரசியலமைப்பு வரலாற்றை எழுதிய பேரறிஞர். அரசனும் சட்டத்துக்குள் கட்டுப்பட்ட கதையைத் தந்தை எழுதினார். அதே பாடத்தை மகனுக்குக் கொழும்பில் நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது.

இந்த வழக்கு நேரடியாகச் சங்கத்தைக் கட்டவில்லை. ஆனால் தேசாதிபதியின் கட்டளையே செல்லாமல் போகும் என்றால் துரையின் வார்த்தை எம்மாத்திரம் என்ற எண்ணத்தை அது லயங்களில் விதைத்தது. 1939 ஜூலையில் இந்தியாவிலிருந்து நேரு வந்தபோது இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானது. அடுத்த ஆண்டு அதன் தொழிற்சங்கப் பிரிவு எழுந்தது. அதுதான் 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆனது. சமசமாஜக் கட்சியும் மலையில் தனிச் சங்கம் கட்டியது. தோட்டங்களில் தொழிலாளர் தங்களுக்குள்ளேயே தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். துரையிடம் போய்ச் சொல்ல ஆட்கள் இப்போது வாய்த்தார்கள். கேட்க மனம்தான் இல்லை.

ஹேவாஹெட்டப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணை ஆணைக்குழு அமர்ந்தபோது கோவிந்தனின் மனைவி சார்பில் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். சுட்டால் அடங்கும் என்று நினைத்தது அடங்கவில்லை. மலை முழுவதும் வேலைநிறுத்தங்கள் பரவின, ஊவாவரை போயின. அந்த 1940ஆம் ஆண்டு முடிவதற்குள் தோட்டத்துரைமாரின் அமைப்பு சங்கங்களோடு உட்கார்ந்து ஏழு அம்ச ஒப்பந்தம் செய்தது. தொழிலாளி சங்கத்தில் சேரலாம், சங்கம் அவன் சார்பில் பேசலாம் என்பதை ஏற்றுக்கொண்டது. ஓர் உயிர் போகுமுன்பே அதை ஏற்றிருக்கலாம்.

காலம் கடந்து இணங்குவதுதான் கிரெயோனின் கதை. தைரேசியஸ் என்ற குருட்டு ஞானி எச்சரித்த பிறகு மனம் மாறி ஓடுகிறான். ஆனால் முதலில் செத்தவனைப் புதைக்கப் போகிறான், அதன் பிறகே உயிரோடு இருப்பவளை மீட்கக் குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தூக்கில் தொங்குகிறாள். மகனும் மனைவியும் அவளைத் தொடர்ந்து மடிகிறார்கள். நமக்கு இன்னொரு அரசனைத் தெரியும். மதுரையில் ஒரு பெண் ஒற்றைச் சிலம்போடு வந்து கேட்டாள். பாண்டியன் வாயிலை அடைக்கவில்லை, உள்ளே வரச் சொன்னான், கேட்டான். பிழை தன்னுடையது என்று தெரிந்த கணத்தில் தன் உயிரையே விலையாகத் தந்தான். தவறியதில் இருவரும் ஒன்று. கேட்டதில் பாண்டியன் உயர்ந்து நிற்கிறான்.

மலைக்குத் திரும்புவோம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. வாக்குப் போனது. அந்த இருண்ட ஆண்டுகளில் எங்கள் தாத்தா பாட்டிமார் கையில் மிஞ்சியது சங்க அங்கத்துவம் ஒன்றுதான். மாதச் சந்தா கொடுத்தவர் தமக்கு ஒரு குரல் உண்டு என்று நம்பினார். சங்கம் சோறு போட்டதோ இல்லையோ, முதுகை நிமிர்த்தியது.

இன்று கங்காணியின் கைத்தடி இல்லை. சங்கத் தலைவருக்கு மாலையும் வாகனமும் மேடையும் உண்டு. லயத்தில் கூரை ஒழுகும் குடும்பத்துப் பெண், மாவட்டக் காரியாலயப் படியில் நின்று, தலைவரிடம் இதை யார் போய்ச் சொல்வது என்று தயங்கினால், சங்கம் தான் பிறந்த காரணத்தை மறந்துவிட்டது என்று அர்த்தம். தலைமை என்பது கட்டளை போடும் இடம் என்று நினைத்தவர்கள் எல்லாரும் இந்த மலையில் தோற்றிருக்கிறார்கள். கெட்ட செய்தியோடு வருபவரை உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்துக் கேட்கிறவரே தலைவர்.

தோட்டத்துத் தலைவர் முதல் பாராளுமன்றத் தலைவர்வரை பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். ஜனவரி 10ஆம் திகதி கோவிந்தனுக்கு மாலை போடுங்கள். மாலை போட்ட பின் ஒரு மணி நேரம் மேடையை விட்டு இறங்கி, கொழுந்து பறிக்கும் பெண்கள் சொல்வதைக் கேளுங்கள். கோவிந்தன் உயிர் கொடுத்தது அந்த ஒரு மணி நேரத்துக்காக.