போர்க்கருவிக்குள் கணினி: இடம் மாறிய மென்பொருளின் கதை

1991ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் தேதி இரவு. வளைகுடாப் போர் முடிவதற்கு இன்னும் மூன்றே நாள்கள் இருந்தன. சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் அமெரிக்க வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தின்மீது ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை விழுந்தது. 28 வீரர்கள் மாண்டனர். ஏறத்தாழ நூறு பேர் காயமுற்றனர். அந்த வட்டாரத்தைக் காப்பதற்கென்றே பேட்ரியட் எதிர் ஏவுகணைப் பிரிவு ஒன்று அங்கே நிறுத்தப்பட்டிருந்தது. ஆனால், அதிலிருந்து ஓர் ஏவுகணைகூடப் புறப்படவில்லை.

காரணம் என்ன? எதிரியின் சூழ்ச்சியன்று, வீரர்களின் உறக்கமும் அன்று. கணினிக்குள் இருந்த கடிகாரம்தான் காரணம் என்று பின்னர் நடந்த விசாரணையில் தெரியவந்தது.

பேட்ரியட் கணினி, நேரத்தைப் பத்தில் ஒரு விநாடி என்ற அளவில் எண்ணி வந்தது. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் நீளும் அல்லவா? அதுபோலவே, பத்தில் ஒரு பங்கைக் கணினிக்குத் தெரிந்த 0, 1 ஆகிய இரண்டு எண்களால் எழுதினால் அதுவும் முடிவில்லாமல் நீளும். பேட்ரியட் கணினியில் 24 இடங்களோடு அது வெட்டி நிறுத்தப்பட்டது. வெட்டுப்பட்டது கண்ணுக்குத் தெரியாத துணுக்குதான். ஆயினும், தஹ்ரானில் அந்தக் கணினி 100 மணி நேரத்துக்கும் மேலாக நிறுத்தப்படாமல் ஓடியிருந்தது. துணுக்குகள் சேர்ந்து 0.34 விநாடி ஆயின. ஸ்கட் ஏவுகணையோ ஒரு விநாடியில் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் பாயக்கூடியது. ஆகவே, ராடார் 687 மீட்டர் தள்ளித் தேடியது. அங்கே ஒன்றுமில்லை. ஆபத்து இல்லை என்று கணினி முடிவு செய்துவிட்டது.

இதில் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. எட்டு மணி நேரம் தொடர்ந்து ஓடினாலே குறி விலகுகிறது என்பதை இஸ்ரேலில் திரட்டிய தகவல்கள் பிப்ரவரி 11ஆம் தேதியே காட்டிவிட்டன. 16ஆம் தேதி திருத்திய மென்பொருள் வெளியானது. 21ஆம் தேதி, நீண்ட நேரம் ஓடினால் குறி விலகலாம் என்ற எச்சரிக்கையும் அனுப்பப்பட்டது. எத்தனை மணி நேரம் என்று அதில் சொல்லப்படவில்லை. திருத்திய மென்பொருள் தஹ்ரானை அடைந்தது 26ஆம் தேதி. ஒரே ஒரு நாள் தாமதம்! இடையில் கணினியை ஒருமுறை நிறுத்தி மீண்டும் இயக்கியிருந்தாலே கடிகாரம் சரியாகியிருக்கும். அதற்கு ஒன்று அல்லது ஒன்றரை நிமிடம் போதும்.

பேட்ரியட்டை வடிவமைத்தவர்கள் திறமையற்றவர்களா? இல்லை. ஐரோப்பாவில் சோவியத் விமானங்களை எதிர்ப்பதற்காக அதை உருவாக்கினார்கள். ஓரிடத்தில் சில மணி நேரம் நிற்கும், பிறகு வேறிடம் நகரும் என்பதே அவர்கள் கணக்கு. நாள்கணக்கில் ஒரே இடத்தில் நின்று ஸ்கட் ஏவுகணைக்காகக் காத்திருக்கும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. மென்பொருள் பிறந்த இடம் வேறு. வேலை பார்த்த இடம் வேறு.

பூச்சியத்தால் நின்ற கப்பல்

அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் போர்க்கப்பலின் கதையும் இத்தகையதே. ஆள்பலத்தைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்தும் நோக்கில், 1990களின் நடுவில் அக்கப்பலில் விண்டோஸ் என்டி இயங்குதளத்தில் ஓடும் கணினிகள் பொருத்தப்பட்டன. இயங்குதளம் என்பது கணினியின் மற்ற மென்பொருள்களுக்கெல்லாம் வேலை பிரித்துக் கொடுக்கும் அடிப்படை மென்பொருளாகும். விண்டோஸ் என்டி அலுவலகங்களில் நன்கு உழைத்த இயங்குதளம்.

1997ஆம் ஆண்டு செப்டம்பரில் வர்ஜீனியா கடற்பகுதியில் கப்பல் சென்றபோது, தகவல் பதிவில் ஓர் எண்ணுக்குரிய இடத்தில் பூச்சியம் உள்ளிடப்பட்டது. அந்தப் பூச்சியத்தால் வகுக்க முயன்று மென்பொருள் செயலிழந்தது. பாதிப்பு கட்டமைப்பு முழுவதும் பரவி, கப்பலைச் செலுத்தும் இயந்திரங்களும் நின்றன. ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் அந்தப் போர்க்கப்பல் கடலில் அசையாமல் கிடந்தது.

குறை இயங்குதளத்திலா, அதன்மேல் ஓடிய மென்பொருளிலா என்று அப்போது வாதம் நடந்தது. பூச்சியத்தை ஏற்றுக்கொண்டது மேலே ஓடிய மென்பொருளே. ஆனால், ஓர் அறையில் பற்றிய தீ அடுத்த அறைக்குப் பரவாமல் தடுக்கும் சுவர் அங்கே இருக்கவில்லை. அலுவலகத்தில் கணினி நின்றால் தேநீர் குடித்துவிட்டு வரலாம். நடுக்கடலில் அப்படியா?

நேரம் தவறாத இயங்குதளம்

இந்தச் சுவரைக் கட்டவே நிகழ்நேர இயங்குதளங்கள் இருக்கின்றன. அவற்றின் சிறப்பு வேகமன்று, வாக்குத் தவறாமை. குறித்த வேலையைக் குறித்த நேரத்துக்குள் முடித்தே தீர வேண்டும் என்பது அவற்றின் விதி. எஃப்-35 போர்விமானத்தில் இடம்பெற்ற இண்டெகிரிட்டி-178பி இத்தகையது. அதில் ஒவ்வொரு வேலைக்கும் தனி நினைவகப் பகுதியும் தனி நேரப் பங்கும் உண்டு. ஒன்று விழுந்தால் மற்றொன்று விழாது.

ஆயினும், சுவர் எல்லாவற்றையும் தடுத்துவிடாது. 2007ஆம் ஆண்டு பிப்ரவரியில் எஃப்-22 போர்விமானங்கள் ஹவாயிலிருந்து ஜப்பானின் ஒக்கினாவாவுக்குப் புறப்பட்டன. பசிபிக் கடலில் அனைத்துலகத் தேதிக்கோட்டைக் கடந்தபோது அவற்றின் வழிகாட்டும் கணினிகள் செயலிழந்தன. எரிபொருள் நிரப்ப உடன்வந்த விமானங்களைப் பின்தொடர்ந்து அவை ஹவாய்க்கே திரும்பின. சில நாள்களில் மென்பொருள் திருத்தப்பட்டது. விலை உயர்ந்த அந்த விமானங்களை நிறுத்தியது எதிரியன்று. வரைபடத்தில் மட்டுமே உள்ள ஒரு கோடு.

ஆயுள் பொருந்தாத கூட்டு

இடம் மாறுவது ஒரு சிக்கல் என்றால், காலம் மாறுவது மற்றொரு சிக்கல். போர்க்கப்பல் முப்பது ஆண்டு உழைக்கும். இயங்குதளமோ பத்துப் பன்னிரண்டு ஆண்டில் முதுமை அடைந்துவிடும். 2001ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் நிறுத்தியது. ஆனால், அமெரிக்கக் கடற்படையால் அதை விட முடியவில்லை. எக்ஸ்பிக்கும் அக்காலத்து வேறு சில மென்பொருள்களுக்கும் தொடர்ந்து பாதுகாப்புத் திருத்தங்கள் பெற, 2015ஆம் ஆண்டு 9.1 மில்லியன் அமெரிக்க டாலருக்கு அது ஒப்பந்தம் செய்துகொண்டது. கடையில் விற்பதை வாங்கினால் மலிவு என்று தொடங்கிய பயணம், கடைக்காரர் கதவைச் சாத்திய பிறகும் தட்டிக்கொண்டு நிற்கும் நிலையில் முடிந்தது.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. அமெரிக்காவின் அணுவாயுதப் படைகளுக்குக் கட்டளை அனுப்பும் கட்டமைப்பு ஒன்று, 1970களின் ஐபிஎம் கணினியிலும் எட்டு அங்குல நெகிழ்வட்டுகளிலும் ஓடிக்கொண்டிருப்பதாக 2016ஆம் ஆண்டு அரசாங்கத் தணிக்கை அறிக்கை வெளிப்படுத்தியது. உலகமே நகைத்தது. எனினும், இணையத்தோடு தொடர்பில்லாத அந்தப் பழைய கணினிக்குள் ஊடுருவிகள் நுழைய வழியில்லை. வைத்த இடத்தில், வகுத்த வேலையை மட்டுமே அது செய்துவந்தது. உதிரிப்பாகங்கள் கிடைப்பதுதான் அரிதாகிப்போனது. 2019ஆம் ஆண்டுவாக்கில் நெகிழ்வட்டுகளும் ஓய்வு பெற்றன.

எந்த இயங்குதளம் சிறந்தது என்ற பட்டிமன்றத்துக்கு இந்த வரலாற்றில் விடை இல்லை. தஹ்ரானில் மாண்ட 28 பேரின் கதை வேறொரு கேள்வியை விட்டுச் செல்கிறது. ஒரு கருவியை வாங்குவோர் அதன் விலையையும் வேகத்தையும் கேட்கிறார்கள். இது எந்த இடத்துக்காக, எத்தனை மணி நேர உழைப்புக்காக உருவாக்கப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். அதற்கான பதில், கருவியோடு களத்தில் நிற்கும் சாதாரண வீரருக்கும் போய்ச் சேர வேண்டும். "நீண்ட நேரம்" என்ற இரண்டு சொற்களுக்குப் பதிலாக "எட்டு மணி நேரம்" என்று எழுதியிருந்தால், அந்த இரவு வேறு விதமாக விடிந்திருக்கக்கூடும்.