மூன்றாம் சான்று: இயங்குதள மேம்படுத்தலில் அமைவுக் கோப்புகளைக் காத்த முறைகளின் வரலாறு

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் 'இடிசி' என்னும் கோப்புறையிலுள்ள அமைவுக் கோப்புகளுக்கு உரிமையாளர் இருவர். முதல் வடிவத்தை எழுதித் தருபவர் வெளியீட்டாளர். அதனைத் தம் பணிக்கேற்பத் திருத்திக்கொள்பவர் கணினியின் நிருவாகி. நிரலை மேம்படுத்தும்போது பழையதை நீக்கிப் புதியதை வைத்தால் போதும். அமைவுக் கோப்பில் அவ்வாறு செய்தால் நிருவாகியின் திருத்தங்கள் அழியும். செய்யாது விட்டால் புதிய நிரல் பழைய கட்டளைகளைப் படித்துத் தடுமாறும். ஆகவே இவ்வரலாற்றைக் கருவிகளின் வளர்ச்சியாகக் காண்பதினும் உரிமை பற்றிய வழக்காகக் காண்பதே பொருந்தும்.

இரு கோப்புகளை வரிக்குவரி ஒப்பிடும் 'டிஃப்' நிரல் 1974இல் யூனிக்ஸ் ஐந்தாம் பதிப்பில் இடம்பெற்றது. பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்கில்ராய் உருவாக்கிய அந்நிரல், வேறுபாட்டைக் காட்டியதேயன்றி அவ்வேறுபாடு யாரால் விளைந்தது என்பதைக் காட்டவில்லை. ஃபிரீபிஎஸ்டியில் டக்ளஸ் பார்ட்டன் எழுதிய 'மெர்ஜ்மாஸ்டர்' இத்தகைய இருமுனை ஒப்பீட்டையே நம்பியிருந்தது. நிருவாகி கோப்பு கோப்பாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருந்தது. இரு படிகளை மட்டும் வைத்திருக்கும் பதிப்பாசிரியர் எது மூலபாடம், எது இடைச்செருகல் எனத் துணிய இயலாத நிலை இதனோடு ஒப்பிடத்தக்கது.

மூன்றாம் சான்று ஒன்றைச் சேர்த்தது டெபியன். இயன் மர்டாக் 1993இல் தொடங்கிய இத்திட்டத்தின் பொதி மேலாண்மை நிரலான 'டிபிகேஜி'யை இயன் ஜாக்சன் சி மொழியில் திருத்தி எழுதினார். கோப்பை நிறுவும்போதே வெளியீட்டாளர் தந்த வடிவத்தின் எம்டி5 சுருக்கக் குறியீட்டை அந்நிரல் பதிந்துகொள்கிறது. மேம்படுத்தலின்போது பழைய வெளியீடு, புதிய வெளியீடு, வட்டிலுள்ள கோப்பு ஆகிய மூன்றின் குறியீடுகளும் ஒப்பிடப்படுகின்றன. நிருவாகி தொடாத கோப்பு ஓசையின்றி மாற்றப்படும். வெளியீட்டாளர் மாற்றாத கோப்பு அப்படியே விடப்படும். இருவரும் மாற்றியிருந்தால் மட்டுமே கேள்வி எழும்; அதற்கும் இயல்பான விடை நிருவாகியின் கோப்பைக் காப்பதே. அவர் நீக்கிவிட்ட கோப்பைக்கூட டிபிகேஜி தானே மீண்டும் வைப்பதில்லை. நீக்கலும் ஒரு திருத்தமே என ஏற்ற இந்நுட்பம் போதிய கவனம் பெறவேண்டியது.

ரெட் ஹாட்டின் ஆர்பிஎம் கேள்வி கேட்காது. பொதியை ஆக்கியவரின் குறிப்புக்கேற்ப, நிருவாகியின் கோப்பை 'ஆர்பிஎம்சேவ்' என ஒதுக்கும், அல்லது புதியதை 'ஆர்பிஎம்நியூ' என அருகில் வைக்கும். ஆளில்லாமல் நூறு கணினிகளை மேம்படுத்துவோருக்கு இது உதவும். ஆயினும் ஒதுக்கப்பட்ட கோப்புகளை எவரும் திறந்து பார்க்காமல் விடும் இடர் இதில் மிகுதி.

சுருக்கக் குறியீடு மாற்றம் நிகழ்ந்ததைச் சொல்லுமேயன்றி மூலத்தின் வாசகத்தைத் தராது. வாசகத்தையே சேமித்து மும்முனை ஒன்றிணைப்புக்கு வழிசெய்தவை டெபியனில் மனோஜ் ஸ்ரீவாஸ்தவாவின் 'யுசிஎஃப்', ஃபிரீபிஎஸ்டியில் ஜான் பால்ட்வினின் 'இடிசிஅப்டேட்' ஆகியன. ஜோயி ஹெஸ் 2007இல் வெளியிட்ட 'இடிசிகீப்பர்', கோப்புறை முழுவதன் வரலாற்றையும் பதிப்புக் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது.

எனினும் இவையனைத்தும் எழுத்தை ஒப்பிடுவன; பொருளை அறியா. 2015இல் வெளியான டெபியன் 8 இதற்குத் தக்க சான்று. அதில் அப்பாச்சி வழங்கி 2.2இலிருந்து 2.4க்கு மாறியது. பழைய முதன்மை அமைவுக் கோப்பைக் காத்துக்கொண்டால், அதிலிருந்த 'லாக்ஃபைல்' கட்டளையைப் புதிய வழங்கி அறியாது, இயங்க மறுக்கும். புதியதை ஏற்றால் வழங்கி இயங்கும். ஆனால் 'கான்ஃப்' என்னும் பின்னொட்டு இல்லாத தளக் கோப்புகள் படிக்கப்படா. அத்தளக் கோப்புகள் நிருவாகி தாமே எழுதியவை. எந்தப் பொதிக்கும் உரியவையல்ல. எனவே அவற்றைப் பற்றி டிபிகேஜி கேள்வி எழுப்ப வழியே இல்லை. முதல் தவறு உடனே தெரிந்துவிடும். இரண்டாவது, தளம் காணாமற்போன பின்னரே தெரியவரும்.

2010இல் அறிமுகமான சிஸ்டம்டி, ஒரு கோப்புக்கு இரு உரிமையாளர் என்ற நிலையையே தவிர்க்க முனைந்தது. வெளியீட்டாளரின் அலகுக் கோப்பு 'யுஎஸ்ஆர்' பகுதியில் இருக்கும். நிருவாகி மாற்ற விரும்பும் வரிகள் மட்டும் 'இடிசி'யில் தனிக் கோப்பாக அமையும். மேம்படுத்தலில் இரண்டும் மோதுவதில்லை. ஆனால் அலகுக் கோப்பை முழுமையாக 'இடிசி'க்குப் படியெடுத்துத் திருத்தும் நிருவாகிக்கு இப்பயன் கிட்டாது. அப்படி மூலத்தை மறைத்துவிடுவதால், வெளியீட்டாளர் பின்னர் செய்யும் திருத்தங்கள் எவ்விதக் கேள்வியுமின்றிப் புறக்கணிக்கப்படுகின்றன.